எதெல்வினாவின் மூன்று தண்ணீர்

பப்பாந்த்லாவில் வெனிலாச் சாறு இறக்கும் கொட்டகையில் எதெல்வினாவும் நானும் ஒரே தொட்டியில் வேலை. நறுக்கிய காய்களைச் சாராயத்தில் ஊறவைத்துச் சாற்றை வடித்துவிடுவோம். மிஞ்சும் சக்கையைத் தண்ணீரால் அலசி, அதில் தங்கிய சாராயத்தை வெளியேற்ற வேண்டும். சக்கை பொல்லாதது. எவ்வளவு வடித்தாலும் ஒரு வாளியைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும்.

புதிதாக வருகிறவர்கள் ஆறு வாளித் தண்ணீரையும் ஒரே மூச்சில் கொட்டி வடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஏழில் ஒரு பங்கு சாராயம் உள்ளேயே கிடக்கும். அதே ஆறை இரண்டிரண்டாக ஊற்றி வடித்தால் முதலில் மூன்றில் ஒன்று, அடுத்து ஒன்பதில் ஒன்று, கடைசியில் இருபத்தேழில் ஒன்றுதான் மிஞ்சும். இந்தக் கணக்கை எதெல்வினா வீட்டுக்கும் கொண்டுபோனாள், பாவம்.

அவள் புருஷன் ரெமிஹியோ மகா குடிகாரன். போன வருஷம் கோயிலில் மாதா முன்னால் முழங்காலிட்டு, ஒரு வருஷத்துக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் குடிகாரனும் அந்தச் சத்தியத்துக்குப் பயப்படுவான். ஆனால் இவள் வேலை முடிந்து வந்தால் பாவாடையெல்லாம் சாராய நெடி. தாங்கமுடியாமல் அவன் போசா ரிக்கா ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே இவளுக்கு இடமில்லை. வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

அன்றிலிருந்து இவள் துணியை, கூந்தலை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று தண்ணீரில் அலசிப் பிழிவாள். அவன் விட்டுவிட்டான், நீதான் எந்நேரமும் தண்ணியில் மிதக்கிறாய் என்று கொட்டகையில் கேலி செய்வோம். அவளும் சிரிப்பாள். வீட்டில் அவன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, மறுபடி அடுக்குவாள். பக்கத்து வீட்டிலிருந்து பார்க்கும் எனக்கு மனசு கிடந்து தவிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெமிஹியோ வந்தான். சோளமாவை இலையில் சுற்றி அவித்த தமாலே கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். அவள் கூந்தலில் முகத்தை வைத்து வெகுநேரம் நின்றான்.

"சாராயம் துளிகூட இல்ல புள்ள."

அவள் முகம் மலர்ந்தது.

"வெனிலா வாசம்தான் இருக்கு. அது மூக்குல ஏறினாலே எனக்கு நாக்கு ஊறுது. இத்தன வருஷமா ரெண்டையும் சேத்துத்தான மோந்தேன்."

வெனிலா அவள் தோலிலேயே ஊறிப்போனது. எந்தத் தண்ணீரில் போகும்? அவனை நாலு சாத்து சாத்தலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படிக்குப் போய் நின்றான்.

எதெல்வினா தமாலேயை இலையோடு துணியில் கட்டி அவனிடம் கொடுத்தாள். பஸ் வரை கூடவே நடந்தாள்.

"போ," என்றாள். "நீ பக்கத்துல வேணும்னுதான் தவிக்கிறேன். அதுக்காக உன்னச் சாகக் குடுக்க முடியாது."

பஸ் கிளம்பியது. அவன் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் அவள் அழுதிருக்கமாட்டாள்.