உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டியைப் பார்த்தால் யாருக்கும் பசி வராது, "யாருக்குக் காய்ச்சல்?" என்ற கேள்விதான் வரும். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் பண்டம் அது. உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே அதை ஆசையாகத் தின்ற குடும்பம் அன்றைய சிவகாசியில் எங்களுடையது மட்டுமாகத்தான் இருந்திருக்கும்.

அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கிருந்த இத்தாலி சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செங்கல் அடுப்பில் தம் ஊர் ரொட்டி சுடுவார். மேலே முறுமுறுவென்றும் உள்ளே ஓட்டை ஓட்டையாகவும் இருக்கும்; கடை ரொட்டியின் இனிப்பு துளியும் இருக்காது. சிஸ்டர் அதை எண்ணெயிலும் உப்பிலும் தொட்டுச் சாப்பிடுவார். அம்மாவுக்கு அது போதாது. நடுவில் கீறி, பூண்டைத் தேய்த்து, நல்லெண்ணெய் விட்டு, ஒரு வாரம் முட்டைப் பொடிமாஸ், ஒரு வாரம் வெங்காய வதக்கல் என்று அடைத்து, திங்கட்கிழமை எனக்குக் கொடுத்துவிடுவாள்.

எனக்கோ தின்பதைவிடக் காட்டுவதில்தான் ஆசை. பக்கத்தில் உட்காரும் மாரிக்குப் பாதி கொடுப்பேன். அவள் அம்மா தீப்பெட்டி கம்பெனியில் வேலை பார்த்தாள். மாரி வாங்கிக்கொள்வாள்; ஆனால் தின்னமாட்டாள். நோட்டுத் தாளில் சுற்றிப் பையில் வைத்துவிடுவாள்.

"தின்னு புள்ள."

"அப்பறமாத் திங்கேன்."

மூன்று வாரம் இதே கதை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரவில்லை. வழியில் நாய்க்குப் போடுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நாலாவது வாரம், அம்மா குளிக்கப் போன சமயம், மாரியின் பாதியில் மட்டும் முட்டைக்கு அடியில் மிளகாய்ப் பொடியை அள்ளி அப்பினேன். தின்றால் தெரிந்துவிடும் அல்லவா?

"ரொட்டி காரமா இருந்துச்சோ?" என்றேன் மறுநாள்.

"ஆமா" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவளே வந்து கேட்டாள். "வெறும் ரொட்டி மட்டும் தருவியா? உள்ள ஒண்ணும் வேண்டாம்."

எங்கள் அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்கிறாள் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தரமாட்டேன் என்று சொல்லி, முழு ரொட்டியையும் அவள் எதிரிலேயே தின்றேன். வயிறு நிறைந்த பிறகும் விடவில்லை. கடைசித் துண்டு வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "எங்க வார்டுல ஒரு சின்னப் பய, விசக்காய்ச்சல். வீட்ல கெடந்தப்ப அவன் அக்கா கொண்டுவந்த ரொட்டி ஒண்ணுதான் உள்ள எறங்குச்சாம். யாரோ அதுல மிளகாப் பொடிய வச்சுக் கொடுத்திருக்காக. இப்பம் எதைக் கொண்டு போனாலும் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிடுதான்."

"யாரு கொடுத்தாகளாம்?" என்றார் அப்பா.

"அந்த மாரிப் பிள்ளகிட்டக் கேட்டேன். கடையில வாங்குனோம்னு சொல்லிட்டா."

தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பல வாரம் ஆனது. அவன் பக்கத்திலேயே இருந்த தாய்க்குப் பதிலாக மாரி கம்பெனிக்குப் போனாள். போனவள் பிறகு பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை.

அந்த ரொட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஊரில் அதைச் சுட்ட அடுப்பு ஒன்று. வீட்டுக்கு வாங்கி வந்தவள் என் அம்மா ஒருத்திதான். மாரி பொய் சொன்ன நிமிஷமே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அப்பாவிடம் சொல்வதுபோல் என்னிடம்தான் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடி, நான் வாய் திறப்பேன் என்று வெகுநேரம் காத்திருந்தாள்.

நான் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.