பூவில்லாத மேசை

கொழும்பில் நான் குடியிருக்கும் வீட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவே எப்போதும் ஒரு கண்ணாடிக் குவளையும் அதில் பூவும் இருக்கும். வந்த முதல் நாள், யாரோ மறந்து வைத்துவிட்டார்கள், குழம்பு தெறித்துவிடப் போகிறது என்று அதை எடுத்து அலமாரிமேல் வைத்தேன். வீட்டுக்காரி மிஸஸ் பீட்டர்ஸ் பறங்கியர் இனத்து விதவை. மறுநாள் வேறு நிறத்தில் பூ இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. எனக்குப் பிடித்த பூவைத் தேடி அவர் தம் தோட்டத்தையே மொட்டையடித்துக்கொண்டிருந்தார் என்பது வாரக் கடைசியில்தான் தெரிந்தது. உங்கள் ஊரில் என்ன பூவை மேசையில் வைப்பீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். மேசையில் வைப்பதில்லை என்றேன். அப்படியானால் தலையில் சூடுவீர்களோ என்றார். எங்கள் சபைப் பெண்கள் தலையிலும் சூடுவதில்லை என்றேன். அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்து, இன்னும் ஒரு கரண்டி புட்டிங் பரிமாறினார்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இராது. தோவாளைப் பூ கூடை கூடையாகத் திருவனந்தபுரத்துக்குப் போகிற சாலையோரம், தக்கலைக்குப் பக்கத்தில்தான் நான் பிறந்தேன். அந்த மணத்தைக் காசில்லாமல் முகர்ந்திருக்கிறேனே தவிர, ஒரு முழம் வாங்கியதில்லை. பூ கோயிலுக்குப் போவது, நாம் வேதக்காரர், கிறிஸ்தவர். அவ்வளவுதான் கணக்கு. சென்ற மாதம் அக்கா ஞானப்பூவின் கலியாணத்துக்கு விடுப்பெடுத்துக்கொண்டு போகும்வரை நானும் அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. (வீட்டில் பூ கூடாது, பெண்ணுக்குப் பேர் மட்டும் ஞானப்பூ. இதையும் மிஸஸ் பீட்டர்ஸுக்கு விளக்க முயன்று தோற்றேன்.)

முந்தின விடுமுறையில் நான் அளந்துவிட்ட கொழும்புக் கதைகளில் ஒன்று, இங்கே ஒரு ஹோட்டலில் பார்த்த கலியாண ரிசெப்ஷன். வெள்ளை விரித்த நீளமேசை, நடுவில் பூ, மணப்பெண் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அக்கா அதை மறக்கவே இல்லை. நான் பெட்டியை இறக்கி வைத்ததும் கிணற்றடிக்கு இழுத்துப் போனாள்.

"ஏட்டி, அந்த மேசைக் காரியம் நமக்கு ஒக்குமா? இனி காலம் பூரா பந்தியில விளம்பியே போவும். ஒரு நாளு, நானும் இருந்து திங்கணும். என் முன்ன ஒரு அழகு இருக்கணும்."

ஒக்கும் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டேன். முதலில் வாக்கு, பிறகு யோசனை. அது என் சுபாவம்.

மாப்பிள்ளையின் அப்பா தாசையா மாமா எங்கள் சபையின் மூப்பர். மேசை போடுவதை ஒத்துக்கொண்டார். பெண் உட்காருவதையும் தண்ணீர் குடித்து விழுங்கிக்கொண்டார். பூவில் வந்து நின்றுவிட்டார்.

"மேசையில பூவா? இது கலியாணமா, கோயில் கொடையா? பூ வச்சா நான் எழும்பிருவேன், பாத்துக்கோ."

அவர் எழுந்தால் மற்ற மூப்பர்களும் எழுவார்கள், பந்தி கலையும், அக்கா அடுக்களைக்குத் திரும்புவாள். ஆகவே மாற்று தேடினேன். கொழும்பிலிருந்து கொண்டுபோன வண்ணக் காகிதத்தில் பூச் செய்து காட்டினேன். கையால் செய்த பூ விக்கிரகம்போல, அதைவிட மோசம் என்றார். தென்னம்பாளை? அம்மன் கும்பிடும் அயல்வீட்டார் கலியாணத்தில் நெல்லளக்கும் பறையில் நிற்பது அதுதானே என்றார். கமுகம்பூவும் எலுமிச்சையும் வேப்பிலையும் அம்மனுடையவை. குருத்தோலை பரவாயில்லையே என்றால், அது குருத்தோலை ஞாயிறுக்கு உரியது, தேயிலைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கலாகாதாம். எங்கள் தோட்டத்தில் பாதி அம்மனுக்கும் மீதி சபைக்கும் போய்விட, மேசைக்கென்று ஒரு இலையும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் அறுப்பின் பண்டிகை ஞாபகம் வந்தது. வருஷந்தோறும் வாழைக்குலையும் பலாச்சக்கையும் கிழங்கும் எங்கள் சபைக் கோயிலில் பீடத்தின் முன் குவித்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் கூறுவது தாசையா மாமாவேதான். பழம் வைத்தால் என்ன மாமா என்றேன். சற்றே யோசித்து, "அது காணிக்கைல்லா. அதுக்குக் குத்தமில்ல" என்றார். நான் குதித்துக்கொண்டு ஓடினேன். அவர் சொன்னதன் முழுப் பொருளை நின்று கேட்டிருக்க வேண்டும்.

கலியாணத்தன்று பந்தலில் பள்ளிக்கூட டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளை வேட்டி விரித்தேன். செந்துளுவன் வாழைச் சீப்பு, மட்டிக்குலை, பிளந்து வைத்த மாதுளை. அக்காவின் முன் மட்டும் பெரிய கைதச்சக்கை (அன்னாசிதான்) ஒன்று, பச்சைக் கொண்டை விரித்து ராணிபோல நின்றது. அக்கா வந்து உட்கார்ந்து அதையே பார்த்தாள். எந்தக் கொழும்பு ஹோட்டலும் அதற்கு ஈடில்லை.

ஜெபம் முடிந்தது. கடைசி மேசையில் ஒரு கிழவர் மட்டிக்குலையைத் தடவிப் பார்த்து, "மூப்பரே, இதுக்கு ஒரு சக்கரம்" என்று எங்கள் ஊர்க் காசில் ஏலம் கேட்டார். வெள்ளைத் துணி, குவித்த பழம், மூப்பர், ஜெபம். வேறு எதுவாக இருக்க முடியும்? தாசையா மாமாவின் தொண்டையும் பழகின தொண்டை. துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்துவிட்டார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கணீரென்று பாடத் தொடங்கினார். பூ வைத்தால் எழுவேன் என்றவர் பழத்துக்கும் எழுந்தார். நான் காட்டிய சைகை எதையும் யாரும் காணவில்லை. குலை போயிற்று, மாதுளை போயிற்று. என் மேசைகள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. கடைசியில் அவர் அக்காவின் எதிரே வந்து நின்றார். அக்கா கைதச்சக்கைமேல் கையை வைத்தாள்.

"மக்களே, கைய எடு. காணிக்கையாக்கும்" என்றார் அவளிடம்.

அக்கா எடுக்கவில்லை. அதுவரை நான் குரலே கேட்டிராத மாப்பிள்ளை யோவேல் அத்தான் மெல்லச் சொன்னார்: "அப்பா, அது எனக்கு. ரெண்டு சக்கரம்."

கடைசி மேசைக் கிழவர் வேண்டுமென்றே மூன்று என்றார். அத்தான் பத்து என்றார். ஒரே சிரிப்பு. தாசையா மாமா மூன்றாம் தரத்தை இழுஇழு என்று இழுப்பதில் பேர்போனவர். ஊரே அதைக் கேட்கத்தான் ஏலத்துக்கு வரும். அன்று அவர் அக்காவின் கையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்" என்று ஒரே மூச்சில் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு, "தேயில ஆறுது, குடிங்க" என்றார்.

அக்கா இருந்து சாப்பிட்டாள். அவள் முன் அந்த அழகும் இருந்தது.

அந்தக் கொண்டையை அக்கா மாமனார் வீட்டுக் கிணற்றடியில் நட்டாள். பழத்தின் அடியில் ஒட்டியிருந்த சிறு பக்கக்கன்றை நான் ஒரு டப்பாவில் வைத்து, தலைமன்னார்க் கப்பலில் மடியிலேயே கொண்டுவந்தேன். இங்கே ஒரு பூவுக்காக எவரும் மேசையைவிட்டு எழுவதில்லை. ஒரு பழத்துக்காக எவரும் பத்துச் சக்கரம் சொல்வதுமில்லை. எது மேல் என்று கேட்டால், நேற்று ஒன்று சொல்வேன், இன்று ஒன்று சொல்வேன்.

மிஸஸ் பீட்டர்ஸ் பூக்குவளையைத் தாமே அலமாரிமேல் ஏற்றிவிட்டு, டப்பாவை மேசை நடுவில் வைத்திருக்கிறார். இதை எப்போது சாப்பிடுவது என்று கேட்டார். இது பார்ப்பதற்கு என்றேன். சந்தேகத்தோடு தண்ணீர் ஊற்றினார். கன்று வேர் பிடித்துவிட்டது. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கமே சாய்கிறது. ஞாயிறுதோறும் அவர் அதை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார். அடுத்த ஞாயிறுக்குள் அது ஜன்னலுக்குத் திரும்பிவிடுகிறது. நான் நடுவில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறேன்.