கண்ணளவு கான்ட்ராக்டர் போட்ட கூரை

என் கணவருக்கு ஊர் வைத்த பெயர் கண்ணளவு. டேப் பிடித்து அளப்பதும் மட்டம் பார்ப்பதும் கண் சரியில்லாதவர்கள் செய்கிற வேலை என்பது அவருடைய கட்சி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, "சரியா இருக்கு" என்பார். சுவர் சாய்ந்துதான் நிற்கும். கேட்டால் தரை சரியில்லை என்பார். வாயால் அளப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கல்யாணமான புதிதில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கட்டிட வேலை நடக்கிற இடத்துக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு போவார். கொட்டிவிட்டு நிழலில் நின்று, மற்றவர்கள் கான்கிரீட் போடுவதை டீ குடித்துக்கொண்டே பார்ப்பார். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நாலு சாமானையும் கலக்கிக் கொட்ட வேண்டியதுதானே" என்றார். அடுத்த மாதமே கார்டு அடித்துவிட்டார். பெயருக்குக் கீழே இன்ஜினியர் என்று இருந்தது. இது எப்போது வாங்கிய பட்டம் என்று கேட்டேன். "கார்டுல இடம் காலியா இருந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஒன்றில் மை கிடையாது. ஒரு வீட்டில் குளியலறைத் தரை போட்டார். ஊற்றிய தண்ணீர் குழிக்குப் போகாமல் நேராக ஹாலுக்கு வந்தது. வீட்டுக்காரர் கத்தியதற்கு, "ஹாலக் கழுவி விட வசதியா இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார். இதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போது மட்டும் மனிதருக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிடும். சுவரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். கூரையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வேண்டாம் என்பார். ஒருமுறை அவரே கட்டிய வீடு ஒன்று குறைந்த வாடகைக்கு வந்தது. "அது நமக்குச் சரிப்படாது" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இந்த மனிதரை அன்றைக்கு முழுசாகப் புரிந்துகொண்டேன்.

இப்படிப்பட்டவரிடம் வந்து மாட்டினார் நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர். அவருடைய அப்பா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். வீட்டை ஒட்டினாற்போல ஓர் அறை எழுப்பி, அதில் அவரை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நர்ஸம்மாவின் எண்ணம். சுவர் எழும்பியது, கூரைக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. அடியில் பலகை அடித்து, கம்புகளால் முட்டுக் கொடுத்து, நன்றாக இறுகும்வரை மூன்று வாரமாவது அப்படியே விட வேண்டும். இது லாரி ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் இவரிடம் இருப்பது ஒரே செட் பலகை, ஒரே செட் கம்பு. அதற்குள் வேறோர் இடத்தில் ஒரு கடைக்குக் கூரை போட ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் நின்றுகொண்டே ஆளிடம் போனில் சொன்னார். "நர்ஸ் வீட்டுல முட்டப் பிரிச்சுக் கடைக்குக் கொண்டாந்துடு. ஒண்ணும் ஆகாது."

"ஏங்க, அதுக்குள்ளயா?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? அடுப்பப் பாரு."

முட்டு போனதும் கூரை நடுவில் தொந்தி போட்டுவிட்டது. அடியில் ஜல்லி பல்லை இளித்தது. ஓரிடத்தில் கம்பியே வெளியே தெரிந்தது. நர்ஸம்மா சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்துவிட்டு, இவரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்.

இவர் முதலில் சிமெண்டைக் குறை சொன்னார், பிறகு வெயிலை. அதுவும் எடுபடாமல் போகவே, "நீங்க சரியா தண்ணி ஊத்தலம்மா" என்று அவர் தலையிலேயே கட்டப் பார்த்தார். டியூட்டிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை ஏணி ஏறித் தண்ணீர் ஊற்றிய பெண்ணிடம் இப்படிச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அதற்கு இவரிடம் பஞ்சமே இல்லை. கடைசியில், "கான்கிரீட்டுன்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், பூசிட்டா தெரியாது" என்று பூச்சு வேலைக்கு ஆளை அனுப்பினார். நர்ஸம்மா அந்த ஆளை உள்ளேயே விடவில்லை. இடித்துவிட்டு, இவர் செலவில் புதிதாகப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இவர் முடியாது என்றார். ஒவ்வொரு நாளும் அங்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு, ஏதோ கோட்டையைப் பிடித்து வந்தவர்போல என்னிடம் கதை அளப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "சாப்பாட்ட எடுத்துக்கிட்டு நர்ஸ் வீட்டுக்கு வா. பாப்பாவையும் கூட்டிட்டு வா." எங்கள் பெண்ணைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் கூப்பிடுகிறாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அங்கே அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். இவர் புது அறையின் வாசற்படியில் நின்றுகொண்டு, "இதோ வந்துட்டாங்கல்ல, என் பொண்டாட்டியும் பொண்ணும்" என்றார். "இந்தக் கூரைக்குக் கீழ நட்டநடுவுல உக்காந்து சாப்பிடுவாங்க. பலம் இல்லாட்டி எவனாவது சொந்தப் பொண்ண உக்கார வைப்பானா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "நான் இப்படிக் கேக்கலம்மா, இது அவராச் சொன்னது. எங்கப்பாவால எழுந்து ஓட முடியாது. மேல என்ன விழுந்தாலும் வாங்கிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான். நீங்களே சொல்லுங்க, இதுல அவரப் படுக்க வைக்கலாமா?"

என் பெண் உள்ளே ஓடப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"உள்ள வா" என்றார் இவர்.

"வரமாட்டேன்."

"ஏய், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். முட்டப் பிரிக்கச் சொல்லி நீங்க போன்ல பேசினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அப்ப ஒரு வாரம்கூட ஆகல. நானும் வரமாட்டேன், என் பொண்ணையும் விடமாட்டேன். நீங்க போய் நடுவுல உக்காருங்க. சாப்பாட்ட இங்கேருந்து நீட்டுறேன்."

யாரோ சிரித்தார்கள். இவர் உள்ளே ஓரடி வைத்தார். மேலே பார்த்தார். வைத்த காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு, "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு" என்றார். கதவும் ஜன்னலும் இன்னும் வைக்காத அறை அது. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

இடிப்பது இவர், புதுசாகப் போடுவது வேறு ஆள், செலவு மொத்தமும் இவருடையது என்று அங்கேயே முடிவானது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே" என்று புலம்பினார். இருந்தால்தானே வாங்குவதற்கு என்றேன்.

இடிக்கிற அன்றைக்கு நானும் போனேன். ஒழுங்காகப் போட்ட கூரையென்றால் அதோடு இரண்டு நாளாவது மல்லுக்கட்ட வேண்டும். இது சம்மட்டி பட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. மத்தியானத்துக்குள் அறைக்குள்ளிருந்து வானம் தெரிந்தது. என் பெண்ணை உட்காரச் சொன்ன இடத்தில் இடுப்புயரத்துக்கு இடிபாடு குவிந்து கிடந்தது.

இவர் அந்தக் குவியலின்மேல் ஏறி நின்றார். சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, நர்ஸம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தீங்களாம்மா, அரை நாள்ல முடிச்சுட்டோம். வேகத்துல நம்ம ஆளுங்கள யாரும் அடிச்சுக்க முடியாது."