எனக்கு நானே எழுதிய பதில்

துபாய்க் கல்லூரி ஒன்றில் நான் தலைவராக இருக்கும் பொறியியல் துறைக்குப் புதிய சோதனைக்கூடம் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரியில் காலி அறையே கிடையாது. இருந்ததிலேயே பெரியது ஓவியத் துறையின் ஸ்டூடியோ. உயரமான கூரை, வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் பதினெட்டுப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருப்பார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கடைசியில் பொறுக்க முடியாமல், அந்த அறையை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். கான்கிரீட்டை நசுக்கிச் சோதிக்கும் இயந்திரம் எந்த மூலையில் நிற்கும் என்று வரைபடம்கூட இணைத்திருந்தேன்.

கடிதம் போன மறுமாதம் ஓவியத் துறைத் தலைவர் ராஜினாமா செய்துவிட்டுக் கனடா போய்விட்டார். புது ஆள் வரும்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் துறையையும் என் தலையில் கட்டினார்கள்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதான் இனிமே உங்களுக்கு," என்றாள் மனைவி, பர் துபாய் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. எந்தப் பக்கம் போனாலும் திட்டு விழும் என்பது அவள் கணிப்பு.

ஓவியத் துறையில் மிஞ்சியிருந்த ஒரே ஆசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். என் கடித விஷயம் கல்லூரி முழுக்கத் தெரியும் என்பதால், முதல் நாள் நான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததுமே கேட்டார்: "சேர், அறையை அளக்க வந்தனீங்களோ?"

என் சட்டைப் பையில் அளவு டேப் இருந்தது உண்மைதான். கையால் மறைத்துக்கொண்டேன்.

ஸ்டூடியோ போனால் அடுத்த வருடச் சேர்க்கை கிடையாது. சேர்க்கை இல்லையென்றால் அவருக்கு வேலை இல்லை, விசாவும் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த மகளைப் பாதியில் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமல் களிமண் பிசையப் போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் அறையின் மேல் இருந்த கண் போகவில்லை.

நான் அந்தத் துறையை எனக்குத் தெரிந்த வழியில் நடத்தினேன். பிரஷ் எடுக்க ரிஜிஸ்டர் வைத்தேன். சிற்பம் செய்கிறவர்கள் சேஃப்டி ஷூ போட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றேன். ஒரு மாணவி வரைந்த ஒட்டகத்தைப் பார்த்து, "இது என்ன ஸ்கேல்?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

வருடக் கடைசியில் ஒரு கண்காட்சி நடக்கும். கல்லூரியின் உரிமையாளர், பெரியவர், அரபுக்காரர், தாமே வருவார். இந்த முறை ஸ்டூடியோவைப் பார்த்துவிட்டு அறை யாருக்கு என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம் ஆசிரியை அச்சகத்துக்குப் போயிருந்தார். நான் மேற்பார்வைக்குப் போனேன். நடுவில் கடைசி வருட மாணவிகளின் வேலை நின்றது. தொழிலாளர் கேம்ப் ஒன்றின் மெஸ்ஸில் கழித்துப்போட்ட எவர்சில்வர் தட்டுகள், அறுபதாவது இருக்கும், ஒரு இரும்புக் கம்பத்தில் கிளை கிளையாக நட்டு போல்ட்டில் தொங்கின. சில தட்டுகளில் ரூம் நம்பர் கீறியிருந்தது. கம்பத்தின் அடியில் ஒரு பலகை மேடை. அதில் கால் வைத்தேன். கம்பம் ஆடியது. அத்தனை தட்டும் கடகடவென்று ஒன்றோடொன்று மோதின.

எனக்குப் பகீர் என்றது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு பொருள் ஆடினால், சத்தம் போட்டால், எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: நட்டு லூஸ். நாளைக்கு இது பெரியவர் தலையில் விழுந்தால் இரண்டு துறைக்கும் சேர்த்து மூடுவிழா. எங்கள் வொர்க்ஷாப் டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். ராமநாதபுரத்துக்காரர், கெட்டிக்காரர்.

"என்ன சார் இது, இந்த ஆட்டம் ஆடுது?"

"எல்லா நட்டையும் டைட் பண்ணுங்க. தட்டுக்கு நடுவுல ரப்பர் வாஷர். மேடைக்கு அடியில நாலு ஆங்கிள் வெல்டிங்."

நட்டை முறுக்கிக்கொண்டே அவர், "எங்க கேம்ப் மெஸ்ல டூட்டி முடிஞ்சு வந்தா இதே சத்தம்தான் சார் கேக்கும்," என்றார்.

"அதான் டைட் பண்ணச் சொல்றேன்," என்றேன் நான், மகா புத்திசாலி.

வேலை முடிந்ததும் மேடையில் ஏறிக் குதித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அப்படி ஒரு சந்தோஷம். ஓவியத் துறையையே காப்பாற்றிவிட்டதாக வீட்டில் பெருமை அடித்தேன்.

காலையில் ஆசிரியை மேடையில் கால் வைத்தார். சத்தம் இல்லை. மறுபடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்து போட்டியள் சேர்? சத்தம் வாறதுக்குத்தானே அதைச் செய்தது. பிள்ளையள் நாலு மாசமா ஒவ்வொரு நட்டா லூஸாக்கி லூஸாக்கிப் பாத்தவை."

கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அறையைக் கேட்டுக் கடிதம் எழுதியவன் நான். வேண்டுமென்றே செய்தேன் என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் ஏது? பெரியவர் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

என் மூன்றாம் வருடப் பொறியியல் வகுப்பை நிறுத்தி, ஆளுக்கொரு ஸ்பேனரோடு மொத்தக் கூட்டத்தையும் ஸ்டூடியோவுக்குள் ஓட்டிவந்தேன். ரப்பர் வாஷர்களைக் கழற்றச் சொல்லிவிட்டு, நானே கிரைண்டர் பிடித்து ஆங்கிளை அறுத்தேன். முறுக்கியே பழகிய பிள்ளைகளுக்குத் தளர்த்தக் கை வரவில்லை. ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு நின்று, "இன்னும் அரைச் சுத்து... காணும், காணும்," என்று போதுமான இடத்தில் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்கம்பத்தின் நாலு போல்ட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் அவரும் தலையிடவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது டெக்னீஷியன் தொண்டையைக் கனைத்தார்.

"மேல் வரிசை சரியில்ல மேடம். கடைசியா சாப்பிட வர்றவன் தட்டுச் சத்தம் அவ்வளவு வேகமா வராது."

ஆசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏணியில் ஏறி அந்த வரிசையைத் தன் கையாலேயே சரிசெய்தார்.

பெரியவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். கவனிக்காமல் மேடையில் கால் வைத்தார். அறுபது தட்டும் ஆரம்பித்தன. போனை அணைத்தார். பின்னால் போனார், மறுபடி ஏறினார். அங்கியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை நடந்தார். இது என்ன என்று வாசலில் நின்ற டெக்னீஷியனைத்தான் கேட்டார்.

"கேம்ப் மெஸ் ஹை, ஸாப். கானே கா டைம்," என்றார் அவர். சாப்பாட்டு நேரமாம்.

பெரியவர் தலையசைத்தார். கிளம்பும்போது என்னிடம், இரண்டுக்கும் தலைவர் நீங்கள்தானே, அறை யாருக்கு என்று நீங்களே எழுதிக் கொடுங்கள், கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் என் பழைய கடிதம் என் மேசைக்கே வந்தது. "ஓவியத் துறைத் தலைவரின் கருத்துக்கு" என்று மேலே எழுதியிருந்தது. முழுக்கப் படித்தேன். வரைபடத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால், அறை சரியாகப் பயன்படுத்தப்படவில்லை என்று ஒரு வரி. எழுதியவன் ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆளின் மேல் கோபம் கோபமாக வந்தது. அறை ஓவியத் துறைக்குத் தேவை, கொடுப்பதற்கில்லை என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அனுப்புமுன் ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"இஞ்சினியரிங் ஹெட் கோவிக்க மாட்டாரோ?"

"கோவிப்பார். நான் பேசிச் சமாளிச்சுக்கறேன்."

சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய் நின்றார்.

"மகளுக்கு இஞ்சையே பத்தாம் வகுப்புப் புத்தகம் வாங்கப் போறன், சேர்."