“முதல்ல புருஷனைக் கூட்டிட்டு வாங்க”

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரி ஆயா பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே, “டாக்டரம்மா போயிட்டாங்க சார்” என்றாள். நெஞ்சுவலியாம், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. என் விஷயம் தெரிந்தவர் இனி யாரும் இல்லை என்ற நிம்மதிதான் வந்தது. சீ, என்ன மனிதன் நான்!

டாக்டர் மரியபுஷ்பத்தின் பாலக்கரை ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் லேப் பார்த்தவன் நான். பிள்ளையில்லை என்று மருமகளை மட்டும் இழுத்து வரும் மாமியார்களை அவர் எப்படித் திருப்பி அனுப்புவார் என்று அவரிடம் போய்வந்த உங்களுக்கே தெரியும். “முதல்ல புருஷனைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம்தான் இவங்களைத் தொடுவேன்.” வந்த ஆண்களும் மீசையைத் தடவிக்கொண்டு, “எனக்கு ஒரு குறையும் இல்லீங்க” என்பார்கள். “வீரியம் வேற, விந்தணு வேற. அது மைக்ராஸ்கோப்புக்குத்தான் தெரியும்” என்பார் டாக்டரம்மா.

ஒருமுறை உறையூர்த் தம்பதி ஒன்று, பிள்ளை வேண்டி மண்டல விரதம் மேல் விரதமாக இருந்து களைத்து வந்தது. டாக்டரம்மா சிலேட்டில் கர்ப்பப்பையையும் இரண்டு பக்கக் குழாய்களையும் வரைந்தார். “மாசத்துக்கு ஒரு முட்டை. இந்தக் குழாய்க்குள்ள ஒரு நாள்தான் உயிரோட இருக்கும். அதுக்குள்ள விந்தணு வந்து சேரணும். நீங்க நாற்பத்தெட்டு நாள் தள்ளித் தள்ளிப் படுத்தா, பாவம், சாமி என்னங்க செய்யும்?” அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுவருஷம் குழந்தையோடு வந்தாள்.

அதே விரதத்தைத்தான் என் அம்மா என் மனைவி தனத்துக்கும் விதித்திருந்தாள். ஈரப்புடவையோடு அரசமரத்தைச் சுற்றி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நானோ லேப்பில் உட்கார்ந்து ஊர் ஆண்களுக்கெல்லாம் ரிசல்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, என்னுடையதை வைத்துப் பார்த்தேன். ஒரு விந்தணுகூட இல்லை. கண்ணாடித் தகட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா தானும் குனிந்து பார்த்துவிட்டு, “பொன்னுக்குவீங்கி வந்துச்சா உங்களுக்கு?” என்று கேட்டார். இருபது வயதில் வந்தது. விரையும் வீங்கி ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். “விந்தணு உண்டாகுற இடமே அதுல கெட்டுப்போயிருக்கு. இதுக்கு மருந்து இல்லைங்க.” தகட்டை எடுத்து வைத்துவிட்டு, “இன்னிக்கே வீட்டுல சொல்லிடுங்க. நீங்கதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது” என்றார்.

சொல்லவில்லை. வளைகாப்பு வீடுகளில் தனத்தைப் பின்கட்டிலேயே நிறுத்தினார்கள். அம்மா சாகும்வரை அவளை மலடி என்றுதான் சொன்னாள். “சொல்லிட்டீங்களா?” என்று டாக்டரம்மா சில காலம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதையும் விட்டார், என் முகத்தைப் பார்ப்பதையும் விட்டார்.

டாக்டரம்மாவின் அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் தனத்திடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “உங்க அம்மா இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேங்க” என்றாள். அவ்வளவுதான்.

டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் யாரிடமும் சொல்லாமல் காத்த என் ரகசியம் ஒன்றுதான். அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவரை அறிந்த உங்களில் சிலர், தனத்தைச் சுபகாரியங்களுக்கு அழைக்காமல் விட்டவர்கள். தெரிந்துகொள்ளுங்கள், மலடன் நான்தான்.