கருவிக்கு நான் சொல்லிக்கொடுத்த பொய்

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் நான் பாதுகாப்பு அலுவலர். கப்பலின் அடியறைக்குள் ஆள் இறங்குமுன், அங்கே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. மரத்தடிகள் ஏற்றி வந்த கப்பல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். மூடிய அறையில் வாரக்கணக்கில் கிடக்கும் தடிகள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இதையெல்லாம் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த பெரிய மனிதனும் நான்தான்.

அன்று காலை அப்படியொரு மரத்தடிக் கப்பலில், இறங்கும் துவாரத்தருகே கருவியை நீட்டியதுமே அது கத்தியது. ஆக்சிஜன் பத்தொன்பது சதவீதம். நல்ல காற்றில் இருபத்தொன்றை ஒட்டி இருக்க வேண்டும். முந்தின வாரமும் அது இப்படிக் குறைத்துக் காட்டியிருந்தது. அப்போது அலுவலக வாசலில் நின்று ஒரு பொத்தானை அழுத்தினேன், சரியாகிவிட்டது. 'இதுதான் சுத்தமான காற்று, இதையே அளவாக வைத்துக்கொள்' என்று கருவிக்குச் சொல்லும் பொத்தான் அது. திறந்த வெளியில் மட்டுமே அழுத்த வேண்டும். முப்பது அடி நடந்தால் கடல்காற்று. நான் நடக்கவில்லை. கரையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன, எனக்கு எரிச்சல். துவாரத்திலிருந்து வந்த கெட்ட காற்றிலேயே அழுத்தினேன். கத்தல் நின்றது. கருவியின் உறிஞ்சு குழாயை உள்ளே விட்டபோதும் நல்ல எண்ணே வந்தது. அந்தக் குழாய் ஏணியின் பாதிவரைதான் எட்டும்.

"இறங்கட்டுமா அண்ணாச்சி?" என்று கேட்டார் கயிறு மாட்டும் தொழிலாளி.

"இறங்கும்வே" என்றேன்.

அடியில் கால் வைத்ததும் சரிந்தார். கப்பல்காரர்கள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தார்கள். நல்லவேளை, உயிர் பிழைத்தார்.

விசாரணையில் அவரே சொன்னார்: "அண்ணாச்சி மெஷின் வச்சுப் பாத்துட்டுத்தான் இறக்குனாவ சார். நான்தான் காலையில சாப்பிடாம வந்துட்டேன்."

நான் பொத்தானை அழுத்திய நேரம் கருவிக்குள் பதிவாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வெறும் வயிறு, மயக்கம் என்று அறிக்கை எழுதினார்கள். அதில் கையெழுத்தும் போட்டேன், வெட்கங்கெட்டவன். உடம்பில் பலமில்லாத ஆள் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் துறைமுக வாசலில் என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

"இப்பம்லாம் காலையில தவறாம சாப்பிடுதேன் அண்ணாச்சி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துக்கிடுவாங்க."

"சொல்லுதேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை.