பான்ஹோஃப் தெருவில் வாங்கிய சின்னச் சப்பாத்து

சுவிட்சர்லாந்தின் சூக் நகரத்தில் எங்கே வணக்கம் சொல்ல வேண்டும், எங்கே சொல்லாமல் போக வேண்டும் என்று படிக்க எனக்கு வருடக்கணக்கானது. நாங்கள் குடியிருக்கும் தெருவில் எதிரே வருகிற எவருக்கும் 'குறுவெட்சி' என்று வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. அதே மனிதரைப் புகையிரத நிலையம் தாண்டிக் கடைத்தெருவில் கண்டால், என்னைத் தெரியாதவர்போல் கடந்து போவார். யாழ்ப்பாணத்தில் பெரியகடைப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் "வாங்கோ தங்கச்சி, இருங்கோ" என்பார்கள். ஒன்றும் வாங்காவிட்டாலும் ஊர்ப் புதினம் கேட்காமல் விடமாட்டார்கள். இங்கே கடைத்தெருவான பான்ஹோஃப் தெருவில் மணிக்கூடும் நகையும் மின்னும் கண்ணாடிகளுக்கு முன்னால் நான் ஒருநாளும் நின்றதில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஒரு பின்னேரம், பாண் வாங்கப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. உணவகச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்றவர். கொஞ்சக் காலமாக மறதி நோய். முதலில் அவரை விட்டுப் போனது ஜேர்மன் மொழி. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இந்த நோயின் போக்குத் தெரியும். தெரிந்தென்ன, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தேடி இறங்கினேன். அப்போதுதான் அவருடைய தொலைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது பான்ஹோஃப் தெருச் சப்பாத்துக் கடைப் பெண்.

ஓடிப் போனேன். அவர் நாற்காலியில் அமர்ந்து, இரண்டு விரல்களை விரித்து ஏதோ அளவு காட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் வந்தீர். இந்தப் பிள்ளைக்கு நான் கதைக்கிறது விளங்கேல்லை. எங்கட மூத்தவளின்ர கால் இவ்வளவுதானே?"

எங்கள் மூத்தவள் நடை பழகிய வயதில் போய்விட்டாள். பெரியகடையில் சப்பாத்து வாங்கித் தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார். அதற்குள் சண்டை வந்து ஊரே இடம்பெயர்ந்தது. நாங்கள் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்பியபோது பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு மகன் பிறந்தான், இந்த நாட்டுக்கு வந்தோம், அவனும் வளர்ந்து வேலைக்குப் போனான். இத்தனை காலத்தில் அவர் அவளுடைய பெயரை ஒருதரம்கூடச் சொன்னதில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"பேரப்பிள்ளைக்கா?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள் அந்தப் பெண்.

"யா," என்றேன்.

"நடக்கத் தொடங்கிவிட்டதா?"

"யா, இப்போதுதான்."

அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய்ச் சிவப்பில் ஒரு சின்னச் சோடி கொண்டுவந்தாள். அவர் உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்து, "ஓம், இதுதான்," என்றார். பெட்டியை நீட்டும்போது அந்தப் பெண் சொன்னாள்: "அளவில்லாவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாற்றித் தருகிறேன்."

நன்றி சொன்னேன். பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

நிலையத்துக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையைக் கடந்து எங்கள் தெருமுனைக்கு வந்தோம். வீடு வலப்பக்கம். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி இடப்பக்கம் திரும்பினார்.

"இஞ்சாலதான் வீடு," என்றேன்.

"இல்லையப்பா, இதாலதான் கிட்ட. அவள் நித்திரையாக முந்திப் போகவேணும்."

அந்தத் தெருவில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நடந்தேன்.